மூக்குத் தெளிப்பானில் மூன்றே வாரத்தில் புதிய முகடு: குற்றம் கரைசலிலா, குப்பியிலா?

வெண்குப்பி

வணக்கம். மருந்தாக்கவியலில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். செமாக்ஸ் என்ற, ஏழு அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியான பெப்டைடை மூக்குத் தெளிப்பானில் அடைத்தால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதே என் தலைப்பு. மனிதருக்கோ விலங்குக்கோ கொடுப்பதில்லை. குப்பியில் வைத்து, குறித்த நாளில் எடுத்து, கரைந்திருப்பவற்றைப் பிரித்துத் தனித்தனி முகடுகளாக வரைந்து காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டிப் பார்ப்பதோடு என் வேலை முடிகிறது.

மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் 0.9 சதவீத உப்புநீரில் கரைத்தேன். கிருமி வளராமல் காக்க 0.01 சதவீதம் பென்சால்கோனியம் குளோரைடு சேர்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே செலுத்தி, 10 மில்லி தெளிப்பான் குப்பியில் 5 மில்லி மட்டும் ஊற்றினேன். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தேன். வீட்டில் ஒருவர் பயன்படுத்துவது போல இருக்கட்டும் என்று தினமும் காலையில் வெளியே எடுத்து இரண்டு முறை அழுத்தித் தெளித்தேன்.

முதல் வாரம் வரைபடம் சுத்தமாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் முதன்மை முகட்டுக்குச் சற்று முன்னால் சிறியதாக ஒன்று எழுந்திருக்கிறது. மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறை நிறமாலையில் அது மூலப் பெப்டைடைவிட 16 கூடுதல். கரைசலைத் திருத்து, பி.எச்.சை மாற்று என்கிறார் என் வழிகாட்டி. ஆனால் அதே கரைசலில் மீந்ததைக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, மூடி, அதே தட்டில்தான் வைத்திருந்தேன். அதில் அந்த முகடு கண்ணுக்கே தெரியவில்லை. கரைசல் ஒன்றுதானே, பிறகு எப்படி?

துளிமானி

16 கூடினால் ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டிக்கொண்டது என்று பொருள். செமாக்ஸின் வரிசை மெத்தியோனைன், குளூட்டமிக் அமிலம், ஹிஸ்டிடின், ஃபினைல்அலனைன், புரோலின், கிளைசின், புரோலின். முதலில் நிற்கும் மெத்தியோனைனில் கந்தகம் இருக்கிறது. ஆக்சிஜன் முதலில் கை வைப்பது அதில்தான். மெத்தியோனைன் சல்பாக்சைடு சற்று அதிக நீர்நாட்டம் உடையது என்பதால் எச்.பி.எல்.சி.யின் பிரிக்கும் தூணில் முன்னதாகவே வெளியேறும். முகடு முன்னால் வந்திருப்பது அதற்குப் பொருந்துகிறது.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நிறை நிறமாலைக் கருவியின் மின்தெளிப்பிலேயே மெத்தியோனைன் ஆக்சிஜனேற்றம் அடைவதுண்டு. அது கருவி செய்யும் குறும்பு. அப்படியானால் 16 கூடிய நிறை முதன்மை முகட்டுக்கு அடியிலேயே, அதே நேரத்தில் தெரியும். புற ஊதா வரைபடத்தில் தனி முகடாகப் பிரிந்து வந்திருந்தால் அது குப்பிக்குள்ளேயே நடந்தது. உங்களுடையது எது?

வெண்குப்பி

தனி முகடுதான் ஐயா. 214 நானோமீட்டரில் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது.

துளிமானி

அப்படியானால் உங்கள் சந்தேகம் சரி. தெளிப்பான் பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பழையது ஒன்றை எடுத்து அறுத்துப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும். சாதாரணப் பம்பில் உள்ளே சிறு உலோகச் சுருள்வில் இருக்கும், பலவற்றில் ஒரு எஃகுக் குண்டும் இருக்கும். திரவம் அவற்றை உரசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. உலோகத்திலிருந்து இரும்பு மிக நுண்ணிய அளவில் கசிந்தாலும் மெத்தியோனைன் ஆக்சிஜனேற்றத்தை அது தூண்டிவிடும்.

இரண்டாவது, காற்று. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஏறக்குறைய 0.1 மில்லி திரவம் வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப அதே அளவு காற்று உள்ளே நுழைகிறது. இல்லாவிட்டால் குப்பிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பு இழுக்காது. போதாததற்கு 10 மில்லி குப்பியில் 5 மில்லிதான் ஊற்றியிருக்கிறீர்கள், முதல் நாளே பாதிக் குப்பி காற்று. கண்ணாடிக் குப்பியில் அந்தக் காற்றும் இல்லை, வில்லும் இல்லை. தினமும் வெளியே எடுத்து வைத்தபோது வெப்பமும் வெளிச்சமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

உங்கள் வழிகாட்டி சொல்வதிலும் தவறில்லை. உலோகத்தைப் பிடித்து வைக்க ஈ.டி.டி.ஏ., பி.எச்.சைச் சற்று அமிலப் பக்கமாக 5க்கு அருகில் நிறுத்த அசிடேட் தாங்கல், கரைக்கும் முன் நீருக்குள் நைட்ரஜன் செலுத்துவது, இவையெல்லாம் பயன்தரும். தனி மெத்தியோனைனைக் கொஞ்சம் சேர்த்து ஆக்சிஜனுக்கு இரையாக விடுவதும் வழக்கத்தில் உள்ள உத்திதான். ஆனால் வில்லை விட்டுவிட்டுக் கரைசலை மட்டும் திருத்திக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பது போன்றது. திரவம் செல்லும் வழியில் உலோகமே இல்லாத பம்புகள் கிடைக்கின்றன. அதை முதலில் மாற்றுங்கள்.

பழைய தராசு

நாற்பது வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். துளிமானி சொன்னதற்கு மேல் வேதியியல் எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தப் பெப்டைடைக் கரைசலாக எதற்கு அம்மா மூன்று வாரம் வைக்கிறீர்கள்?

உறையவைத்து உலர்த்திய தூளாகவே மைனஸ் 20 டிகிரியில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. நீர் பட்ட பிறகுதான் எல்லாத் தொல்லையும். சந்தைக்கு வந்த மூக்குப் பெப்டைடுகளைப் பாருங்கள். எலும்பு மெலிவுக்குத் தரும் சால்மன் கால்சிடோனின் தெளிப்பானைத் திறக்கும்வரை குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், திறந்த பின் அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்து 35 நாளில் தூக்கி எறிய வேண்டும். அந்த 35 என்ற எண் அந்தக் கரைசலுக்கு, அந்தக் குப்பிக்கு, அந்தப் பம்புக்குச் சோதித்து வாங்கிய எண். நீங்கள் வேறு பெப்டைடை வேறு குப்பியில் ஊற்றி அதே எண்ணைக் கடன் வாங்க முடியாது.

இன்னொரு எண்ணும் அதிகம் கடன் போகிறது: 28. பாக்டீரியா பெருகாமல் தடுக்கும் பொருள் சேர்த்த பாக்டீரியோஸ்டேடிக் நீரில் கரைத்தால் 28 நாள் தாங்கும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அந்த 28, ஊசியால் குத்தித் திறந்த குப்பியைக் கிருமி பயத்துக்காக எப்போது ஒதுக்க வேண்டும் என்பதற்கு வந்த கணக்கு. உள்ளே கரைத்த பெப்டைடு கெடாமல் இருக்கும் காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிருமி ஒன்றுகூட இல்லாத கரைசலிலும் மெத்தியோனைன் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வெண்குப்பி

மூன்று வாரம் வைப்பதே என் தலைப்பாயிற்றே ஐயா! ஆனால் புரிகிறது. ஒருவேளை ஆய்வின் முடிவே ‘வைக்காதீர்கள்’ என்பதாக இருக்கலாம்.

வேறொரு குழப்பமும் உண்டு. முதல் நாளே என் கரைசலில் 1 மில்லிகிராம் இல்லை, 0.8க்கும் கீழே காட்டுகிறது. தூளின் சான்றிதழில் தூய்மை 99 சதவீதம் என்று இருக்கிறது. வடிகட்டியில் ஒட்டிவிட்டதா?

துளிமானி

வடிகட்டியின் மேல் பழி போட வேண்டாம். மில்லிக்குச் சில மைக்ரோகிராம் என்ற அளவில் இருந்தால் சுவரிலும் வடிகட்டியிலும் ஒட்டுவது பெரிய இழப்பு. 1 மில்லிகிராமில் அது கணக்கிலேயே வராது.

99 சதவீதம் என்பது வரைபடத்தில் தெரியும் முகடுகளுக்குள் உங்கள் முகட்டின் பங்கு. உப்பும் ஈரப்பதமும் அந்த வரைபடத்தில் விழுவதில்லை. பெப்டைடைத் தூய்மை செய்யும்போது டிரைஃபுளோரோ அசெட்டிக் அமிலம் பயன்படுத்துவார்கள், அது காரத்தன்மையுள்ள இடங்களில் உப்பாக ஒட்டிக்கொண்டே வரும். செமாக்ஸில் அப்படி இரண்டு இடங்கள்: முனையில் உள்ள அமீன் ஒன்று, ஹிஸ்டிடின் ஒன்று. பெப்டைடின் நிறை 814, ஒட்டிய இரண்டு அமில மூலக்கூறுகள் தலா 114. மொத்தம் 1042. அதில் பெப்டைடு 78 சதவீதம்தான். ஈரத்தைச் சேர்த்தால் இன்னும் குறையும். உங்கள் ‘0.8க்கும் கீழே’ எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். சான்றிதழில் நிகரப் பெப்டைடு அளவு என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள். எடைபோடும் முன் அதைக் கணக்கில் எடுக்காதவர்கள் இத்துறையில் ஏராளம், நானும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

ஈரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால்: உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்கிறீர்களா?

வெண்குப்பி

ஆமாம்…

துளிமானி

இனி வேண்டாம். குளிர்ந்த தூளின் மேல் அறைக் காற்றின் ஈரம் பனியாக இறங்கும், தூள் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் உறிஞ்சி டப்பாவுக்குள் மூடியபடியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். முக்கால் மணி நேரமாவது விடுங்கள்.

தூக்கமில்லாதவன்

நல்ல விவாதம். எனக்கும் இதே பெப்டைடுதான். கவனம் கூடும், நினைவாற்றல் கூடும் என்று படித்துவிட்டு இணையத்தில் ஒரு குப்பித் தூள் வாங்கினேன். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தார்கள், அது சட்டத்துக்காக ஒட்டுவது என்று நினைக்கிறேன். கொதித்து ஆறிய நீரில் கரைத்துத் தெளிப்பானில் ஊற்றிக்கொள்ளலாமா? ரஷ்யாவில் இது மருந்தாகவே விற்கிறது அல்லவா?

நுண்ணுயிர் நேசன்

ரஷ்யாவில் மூக்குத் துளிகளாக அனுமதி பெற்ற மருந்து என்பது உண்மை. அங்கே மருந்துக்கடையில் இருப்பது உங்கள் கையில் இருக்கும் குப்பி அல்ல என்பதும் உண்மை. பெயர் ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

நான் நுண்ணுயிரியல் ஆள், அதனால் என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மூக்கில் அடிக்கும் நீர்மருந்து முழுக்கக் கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்று மருந்துத் தர நூல்கள் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் எல்லை உண்டு: ஒரு கிராமில் மொத்த பாக்டீரியா 100க்கு மேல் போகக்கூடாது, பூஞ்சை 10க்கு மேல் போகக்கூடாது, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற நோய் தரும் பாக்டீரியாக்கள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கொதிக்கவைத்த நீர் ஊற்றும் நிமிடத்தில் சுத்தமாக இருக்கலாம். மறுநாள் காலையில் தெளிப்பான் முனை உங்கள் மூக்கைத் தொட்டுவிட்டுக் காற்றை உள்ளே இழுக்கும்போது என்ன ஆகும்? துளிமானி சொன்ன அதே 0.1 மில்லி காற்றுதான், உங்கள் விஷயத்தில் அது மூக்கு வழியாக வருகிறது. காக்கும் பொருள் எதுவும் உள்ளே இல்லை. அமினோ அமிலங்கள் கரைந்த நீர் கிருமிக்கு விருந்து.

கொதிக்கவைக்காத குழாய் நீர் என்றால் இன்னும் மோசம். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் நேக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபாவால் இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி மூக்கின் மேற்கூரையிலுள்ள மோப்ப நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடுகிறது. மூக்கு வழியாக மருந்தை மூளைக்கு அனுப்பலாம் என்று ஆய்வாளர்கள் ஆசைப்படுவதும் அதே வழியை நம்பித்தான்!

தூக்கமில்லாதவன்

சரி, கொதித்த நீர் வேண்டாம். பாக்டீரியோஸ்டேடிக் நீர் வாங்கினால்? அதிலும் 0.9 சதவீதம்தானே, இந்த அக்கா பயன்படுத்தியதும் 0.9 சதவீதம்தான்.

பழைய தராசு

தம்பி, அந்த 0.9 வேறு, இந்த 0.9 வேறு. அந்த அம்மா பயன்படுத்தியது 0.9 சதவீதம் உப்பு. பாக்டீரியோஸ்டேடிக் நீரில் இருப்பது 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால், உப்பே கிடையாது. இரண்டிலும் ஒரே எண் வந்தது தற்செயல்தான், ஆனால் இந்தக் குழப்பத்தை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மூக்கின் உட்சவ்வு ஏறக்குறைய இரத்தத்தின் உப்புச்செறிவை எதிர்பார்க்கிறது. உப்பில்லாத நீரை அடித்தால் எரியும், நீர் கொட்டும், மருந்தும் சேர்ந்து வெளியே வரும். பெப்டைடு கரைந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது.

துளிமானி

சொல்ல முடியாதுதான். மில்லிக்கு 1 மில்லிகிராம் செமாக்ஸ் என்றால் லிட்டருக்கு 1.2 மில்லிமோல். இரத்தத்தின் செறிவுக்கு ஈடாகத் தேவைப்படுவது 290க்கு அருகில். பென்சைல் ஆல்கஹால் செல்சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும் என்பதால் அதை நம்பியும் பயனில்லை. தவிர, பென்சைல் ஆல்கஹால் கரைசலை பாலிப்ரொப்பிலீன் அல்லாத பிளாஸ்டிக்கில் வைப்பது நல்லதல்ல. மெல்லமெல்ல பிளாஸ்டிக்குக்குள் போய்விடும், பிறகு காவல்காரனே இல்லாத வீடுதான்.

தூக்கமில்லாதவன்

எது கேட்டாலும் முட்டுக்கட்டை. பயன்படுத்தாதே என்று நேரடியாகச் சொல்லிவிடுங்களேன்.

பழைய தராசு

நேரடியாகவே சொல்கிறேன். பயன்படுத்தாதே தம்பி.

முட்டுக்கட்டை போட ஆசையில்லை. உன் குப்பியில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆய்வுத்தூளுக்குத் தூய்மைச் சான்றிதழ் இருக்கலாம், அதில் பாக்டீரியா நச்சைச் சோதித்தார்களா என்று பலரும் எழுதுவதில்லை. சோதனைக்குழாயில் ஊற்றுபவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை. அனுமதி பெற்ற மருந்திலேயே மூக்கு வழி ஏமாற்றிய கதை உண்டு. டெஸ்மோப்ரெசின் என்ற பெப்டைடு, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்கு மூக்குத் தெளிப்பானாகக் கொடுக்கப்பட்டு வந்தது. இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து வலிப்பு வந்ததால் 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தப் பயன்பாட்டை நீக்கிவிட்டது. ஒவ்வொரு தெளிப்பிலும் 10 மைக்ரோகிராம் என்று துல்லியமாக அளந்து கொடுத்த மருந்துக்கே இந்த நிலை. உன் தெளிப்பில் எவ்வளவு வருகிறது என்று உன்னால் சொல்ல முடியுமா?

உன் பெயரைப் பார்த்தேன். தூக்கம் வராததுதான் மூலம் என்றால், கவனம் போனதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். அதை ஒரு மருத்துவரிடம் போய்ச் சொல். தூளையும் மறைக்காமல் காட்டு.

தூக்கமில்லாதவன்

பெயரை வைத்தே பிடித்துவிட்டீர்கள். இரண்டு வருடமாக இரவுப் பணி. யோசிக்கிறேன் ஐயா.

நுண்ணுயிர் நேசன்

வெண்குப்பி, உங்களிடம் ஒரு கேள்வி. 0.01 சதவீதம் பென்சால்கோனியம் போட்டிருக்கிறீர்கள். அது மட்டும் சூடோமோனாஸுக்குப் போதாமல் போவதுண்டு. துளிமானி உலோகத்துக்காகச் சொன்ன ஈ.டி.டி.ஏ., இங்கேயும் கை கொடுக்கும், அந்த பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தளர்த்திவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பர்க்கோல்டேரியா செபேசியா என்று இன்னொன்று இருக்கிறது, அது பென்சால்கோனியத்துக்குள்ளேயே உயிரோடு இருக்கக்கூடியது; மூக்குத் தெளிப்பான்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதற்கு அது காரணமாக இருந்திருக்கிறது. காக்கும் பொருளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றும் நினைக்காதீர்கள், மூக்கின் நுண்மயிர்கள் அடிக்கும் வேகத்தை அது குறைக்கும்.

வெண்குப்பி

பத்து நாள் கழித்துத் திரும்பி வருகிறேன். உலோகமில்லாத பம்பு கிடைத்தது. கரைசலை மாற்றவில்லை, வேண்டுமென்றேதான். பம்பை மாற்றி, குப்பியையும் கழுத்துவரை நிரப்பினேன், அவ்வளவுதான். பத்தாம் நாளில் பழைய பம்பில் அந்த முகடு தலைகாட்டத் தொடங்கிவிட்டது, புதியதில் இல்லை. வழிகாட்டியிடம் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் பழைய பம்பை வாங்கி, கத்தரியால் வெட்டி, அந்த வில்லை வெளியே எடுத்துப் பார்த்தார்.

இப்போது அடுத்தது. சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, வாரம் ஒன்றை மட்டும் உருக்கி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சோடியம் பாஸ்பேட் தாங்கலில் செய்யலாமா? அதுதான் ஆய்வகத்தில் தயாராக இருக்கிறது.

துளிமானி

பங்கு பிரிப்பது நல்ல யோசனை, தாங்கல்தான் தவறு. சோடியம் பாஸ்பேட் கரைசல் உறையும்போது இரண்டு உப்புகளில் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும். மிச்சமிருக்கும் திரவத்தில் அமிலப் பங்கு ஓங்கும். 7இல் தொடங்கியது 4க்கு அருகில்கூட இறங்கும். உருகியதும் பி.எச். மானியை வைத்தால் மறுபடி 7 காட்டும், ஒன்றுமே நடக்காதது போல. நடுவில் பெப்டைடு என்ன பாடுபட்டது என்று மானிக்குத் தெரியாது. ஹிஸ்டிடின் அல்லது சிட்ரேட் தாங்கல் அவ்வளவு ஆடாது.

உறைபெட்டி தானாகப் பனி நீக்கும் வகையா என்றும் பாருங்கள். அந்த வகை, பனியைக் கரைக்க அவ்வப்போது சூடேறி இறங்கும். சிறு பங்குகள் கொஞ்சம் உருகி மறுபடி உறைந்துகொண்டே இருக்கும். ஒரு முறை உருக்கியதை மறுபடி உறையவைக்கவும் வேண்டாம்.

பழைய தராசு

கரைக்கும்போது குலுக்காதீர்கள் அம்மா, உருட்டுங்கள்.

துளிமானி

அந்த அறிவுரை பெரிய புரதங்களுக்கு வந்தது ஐயா, ஏழே அமிலம் கொண்ட இதற்குக் குலுக்கல் பெரிய விஷயமில்லை. ஆனால் குலுக்கினால் நுரைக்கும், நுரைத்தால் காற்று கலக்கும், காற்று கலந்தால் மெத்தியோனைன். ஆகவே வேறு காரணத்துக்காக, நீங்கள் சொன்னதே சரி.

வெண்குப்பி

கடைசியாக ஒன்று. புதிய பம்பில் முதல் ஆறு அழுத்தங்களை வீசிவிட்டேன், அப்போதுதான் சீரான தெளிப்பு வந்தது. 0.6 மில்லி அங்கேயே போய்விட்டது. அடியில் குழாய்க்கு எட்டாமல் மீந்தது வேறு. இதைக் கணக்கில் கழிக்க வேண்டுமா?

துளிமானி

கழிக்க வேண்டும். இரண்டு நாள் தெளிக்காமல் விட்டு மூன்றாம் நாள் முதல் தெளிப்பை எடைபோட்டும் பாருங்கள். சில பம்புகளில் திரவம் குழாயில் கீழே இறங்கி, முதல் தெளிப்பு அரைகுறையாக வரும். குப்பியைத் தெளிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்தால் போதும், வேறு கருவி வேண்டாம்.

பழைய தராசு

என் பெயரைச் சொன்னீர்களா?